சொன்ன நாளில், சொன்ன எடையில்

நிவாரண வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலில் ஒரு கணக்குக் கொடுப்பேன். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு கிழமைக்கான உலருணவு மொத்தம் எத்தனை கிலோ வரும்? அதை அந்த வீட்டுப் பெண் எப்படித் தன் கொட்டிலுக்குக் கொண்டு போவாள்? முதல் கேள்விக்கு எல்லோரும் கைபேசியைத் தட்டி விடை சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்கு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கிழக்கிலங்கையில் நான் இந்த வேலையைப் பழகிய காலத்தில் உலக உணவுத் திட்டத்தின் பங்கீடு இப்படி இருந்தது: ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 200 கிராம், கோதுமை மா 200 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 20 கிராம், சீனி 20 கிராம். கூட்டினால் அரைக் கிலோ. ஐந்து பேருக்குப் பதினான்கு நாள் என்றால் 35 கிலோ. இடுப்பில் ஒரு பிள்ளை, சட்டையைப் பிடித்தபடி இன்னொன்று, புருஷன் எங்கே என்று தெரியாது. சாமான் கொடுக்கும் இடத்திலிருந்து முகாமுக்கு நல்ல தூரம். அவள் ஒரு சைக்கிள்காரரைப் பிடிப்பாள். கூலிக்குக் காசு இல்லை, இரண்டு கிலோ அரிசியை அளந்து கொடுப்பாள். எங்கள் அறிக்கையில் 35 கிலோ. அவளுடைய அடுப்படியில் 33.

காணாமல் போகும் அந்த இரண்டு கிலோவைத் தேடிப் போவதுதான் எங்கள் தொழில். பங்கீட்டு இடத்தை முகாமுக்குக் கிட்டக் கொண்டு போனோம். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் தனி வரிசை வைத்தோம். இரண்டு கிழமைச் சாமானை ஒரு கிழமைக்கு ஒரு தரமாகப் பிரித்தோம். முகாமில் உள்ள இளைஞர்களைச் சேர்த்து, தூக்க முடியாதவர்களின் மூடையைக் கொட்டில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் வைக்கச் செய்தோம். இவை ஒன்றும் பெரிய காரியங்கள் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் அரிசி அவளிடம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை இரக்கத்தால் நடக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். இரக்கம் இல்லாதவர் இதற்கு வரமாட்டார், வந்தாலும் நிலைக்கமாட்டார். ஆனால் இரக்கத்தால் முதல் நாள் லொறியை ஏற்றி அனுப்பிவிடலாம். பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் அதே லொறி அதே நேரத்துக்கு வரவேண்டுமென்றால் அதற்குக் கணக்கு வேண்டும். பட்டியலில் பெயர் சரியாக இருக்க வேண்டும். தராசு சரியாக நிற்க வேண்டும். சொன்ன நாளில் சாமான் வந்து சேர வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து நிற்கும் ஒருவருக்கு நாங்கள் காட்டக்கூடிய மரியாதை அவ்வளவும் இதற்குள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நான் இதற்குள் வந்தது 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு. அப்போது மட்டக்களப்பில் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக்கூட விடுமுறைக் காலம், ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நாவலடியையும் கல்லடிக் கரையையும் கடல் எடுத்த அன்று பின்னேரமே நகரத்துப் பள்ளிக்கூடங்கள் முகாம்களாகிவிட்டன. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஐந்து இலட்சம் பேரளவில் வீடிழந்தார்கள். எல்லாவற்றிலும் கூடுதலாக இழந்தது எங்களுக்குத் தெற்கே உள்ள அம்பாறை மாவட்டக் கரை.

முதல் நாட்களில் எந்தப் பெரிய நிறுவனமும் வரவில்லை. கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் அண்டா ஏறியது. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வயற்காரர்கள் அரிசி மூடை கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள். பிறகு நான் போன நாடுகளிலும் இதைத்தான் பார்த்தேன். பேரழிவு நடந்த ஊரில் முதல் சோறு எப்போதும் பக்கத்து ஊர்க்காரர் கொண்டுவந்த சோறுதான். சின்னம் பொறித்த வாகனங்கள் அதற்குப் பிறகே வரும். அந்த முதல் சோற்றை ஒழுங்காக்கி, நீளச் செய்வதுதான் நிறுவனங்களின் கடமை. பல இடங்களில் அவை அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தாங்களே புதிதாகத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பிடிக்காத காரியம்.

கையெழுத்துத் தெளிவாக இருக்கும் என்று பட்டியல் எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். பெயர், வயது, உறவுமுறை, கிராம சேவையாளர் பிரிவு. சனங்களின் அடையாள அட்டையும் குடும்ப அட்டையும் கடலோடு போய்விட்டன. வகுப்பறை மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டபோது ஒரு மனிதர் "ஆறு" என்றார். அவர் பக்கத்தில் ஒரு சிறு பெண்பிள்ளை மட்டும் நின்றது. நான் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர், "ரெண்டு எண்டு போடுங்க மிஸ்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் முகாமில் யாரும் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. "இஞ்ச உங்களோட ஆரார் இருக்காங்க?" என்று கேட்கப் பழகிக்கொண்டோம். கணக்கு ஒன்றுதான், கேட்கும் விதம் வேறு.

அரசாங்கம் ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபாய் நிவாரணம் தந்தது. 175 ரூபாய்க்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் சாமான், 200 ரூபாய் கையில் காசு. சாமானைப் பற்றிக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசினோம். அந்த 200 ரூபாயைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் சனங்கள் எதிர்பார்த்திருந்தது அதைத்தான். அதில்தான் சவர்க்காரம் வாங்கினார்கள், பிள்ளைக்குப் பால்மா வாங்கினார்கள், செத்தவர்களுக்கு எட்டும் முப்பத்தொண்டும் செய்தார்கள். எந்த அதிகாரியும் எந்தப் பட்டியலிலும் முன்கூட்டியே எழுதி வைக்க முடியாத தேவைகள் அவை.

மறுபக்கம் உடுப்பு வந்து குவிந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு மலையாகக் கிடந்தது. குளிர்நாட்டுக் கம்பளி மேற்சட்டைகள், குதி உயர்ந்த சப்பாத்துகள், பொத்தான் இல்லாத காற்சட்டைகள். அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். அவற்றைத் தரம் பிரிக்கவென்றே பல நாட்களுக்கு ஆட்களை ஒதுக்க வேண்டியிருந்தது. அதே நேரத்தில் முகாமில் இருந்த பெண்களுக்கு உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும் இல்லை. அதை ஆண் அதிகாரிகளிடம் கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. என்னிடம் கேட்டார்கள், நான் கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கினேன்.

பட்டியலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டியலில் விடுபடுகிறவர்கள் எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒரே ஆட்கள்தான். தமையன் குடும்பத்தோடு சேர்த்து எழுதப்பட்ட விதவை, சாமான் வாங்க அவனுடைய கையை எதிர்பார்த்து நிற்பாள். பட்டியல் முடிந்த பிறகு பிறந்த குழந்தைக்கு அடுத்த திருத்தம் வரைக்கும் பங்கு கிடையாது. அந்த ஊரில் வாடகைக்கு இருந்தவருக்குக் காணியும் இல்லை, அவருக்காகப் பேச ஆளும் இல்லை. தனியாக இருக்கும் வயதான பெத்தா பதிவு நடந்த நேரம் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள். எல்லோரையும்விட அதிகமாக விடுபடுகிறவர்கள், முகாமுக்கு வராமல் உறவினர் வீட்டில் ஒதுங்கியவர்கள். அவர்களுக்குக் கூரை இருக்கிறதென்று நினைத்து விட்டுவிடுவார்கள். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு கூலித் தொழிலாளியின் சம்பளத்தில் மூன்று குடும்பம் சாப்பிடும். முதல் மாதம் சமாளிப்பார்கள். மூன்றாம் மாதம் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்தே பசி வரும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். பட்டியலை அலுவலகத்துக்குள் பூட்டி வைக்காமல் சுவரில் ஒட்ட வேண்டும், ஒட்டியதை ஆட்களைக் கூட்டி உரத்து வாசிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களும் தங்கள் பெயர் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். "அந்தப் பிள்ளை செத்துப் போச்சு", "அவங்க தங்கச்சி வீட்ட இருக்காங்க, அவங்கள ஏன் போடல்ல" என்று குரல்கள் எழும்பும். சத்தம் வரும், சண்டையும் வரும். அந்தச் சண்டை தேவையானது. யுத்தப் பகுதியில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அங்கே ஒரு பெயர் யாருடைய காதில் விழுகிறது என்பதில் உயிரே இருக்கிறது. அப்படியான இடங்களில் கொட்டில் கொட்டிலாகப் போய் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுச் சரிபார்த்தோம்.

இரண்டு முகாமில் பெயர் கொடுத்தவர்களைக் கள்ளர் என்று சொல்லும் வழக்கம் எங்கள் துறையில் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பெரும்பாலோர் பயத்தில் கொடுக்கிறார்கள். போன கிழமை வருமென்று சொன்ன சாமான் வராத இடத்தில்தான் இரட்டைப் பதிவு கூடுகிறது. சொன்ன செவ்வாய்க்கிழமை லொறி வந்து நிற்கத் தொடங்கினால், யாரும் விரட்டாமலே அது குறைந்துவிடுகிறது.

2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதோடு கிழக்கில் மீண்டும் யுத்தம் பிடித்தது. ஓகஸ்ட் மாதம் மூதூர் காலியானது. 4ஆம் திகதி அந்த ஊரில், பட்டினிக்கு எதிராக வேலை செய்யும் ஏ.சி.எஃப். என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் வளவுக்குள் அதன் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 தமிழர், ஒரு முஸ்லிம். சுனாமிக்குப் பிந்திய உதவித் திட்டங்களில் வேலை செய்தவர்கள். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையோடுதான் கிடந்தார்கள். இன்றுவரை அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

2003 ஓகஸ்ட் 19ஆம் திகதி பாக்தாதில் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்த நாளைத்தான் உலக மனிதாபிமான தினமாக நினைவுகூருகிறார்கள். அன்றைக்கு நானும் மெழுகுதிரி ஏற்றுவேன். ஆனால் அந்த மாதம் எனக்கு 4ஆம் திகதியிலேயே தொடங்கிவிடுகிறது. நிலைமை மோசமாகும்போது வெளிநாட்டு அதிகாரியை ஏற்றிப்போக வாகனம் வரும். உள்ளூர்ப் பணியாளர் அந்த ஊர்க்காரர், அவருக்குப் போக இடமில்லை. அவருடைய வீட்டுக்காரர்களும் அதே நிவாரணப் பட்டியலில்தான் இருப்பார்கள். உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் கொல்லப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர் ஆட்களே. காப்புறுதியிலும் சம்பளத்திலும் பாதுகாப்பிலும் அவர்களுக்குக் கடைசி இடம் கொடுப்பது அநியாயம். இதை நான் வெளிநாட்டு ஊழியராக வேலை செய்த இடங்களிலும் சொல்லியிருக்கிறேன்.

2006 கடைசியில், மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள வாகரைக்குப் போகும் பாதை யுத்தத்தால் மூடியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் மாரி மழைக்குள் மரங்களுக்குக் கீழே கிடந்தார்கள். 2007 ஜனவரியில் காட்டு வழியாகவும் கரை வழியாகவும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். மார்ச்சில் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. சனம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தது. சில நாட்களுக்குள் மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்களின் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது. சுனாமி நேரம் எங்களுக்கு அரிசி கொண்டுவந்த அதே வயற்காரர்கள் தறப்பாளுக்குக் கீழே குந்தியிருந்து என்னிடம் பெயர் கொடுத்தார்கள். வெட்டத் தயாராக நின்ற வயலை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

அப்போதுதான் கோதுமை மாவைப் பற்றிச் சரியாக விளங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் மாவைப் பிட்டாக அவித்துத் தின்னுவோம். அதற்கு முதலில் மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவிக்க வேண்டும். அவித்த மா கட்டிபட்டு வரும், உதிர்த்து அரிதட்டில் அரிக்க வேண்டும். பிறகு உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்துத் தெளித்துக் குழைத்து, தேங்காய்ப்பூப் போட்டு மறுபடியும் அவிக்க வேண்டும். அதாவது இரண்டு தரம் அடுப்பு எரிய வேண்டும். பானை, துணி, அரிதட்டு, உப்பு, தேங்காய், விறகு எல்லாம் வேண்டும். இவற்றில் ஒன்றும் எங்கள் பங்கீட்டில் இல்லை, மா மட்டும்தான் இருந்தது. ஓர் அம்மா பையைத் திறந்து காட்டிக் கேட்டா: "மாவத் தந்தீங்க மிஸ். இத என்னத்துல அவிக்கிற? தேங்கா எங்க?"

அவ சட்டி மூடியைக் கவிழ்த்து அதில் ரொட்டி சுட்டா. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இரண்டு நாள் தின்றன, மூன்றாம் நாள் வேண்டாமென்று அழுதன. நாலாம் நாள் அவ பாதி மாவைக் கடையில் கொடுத்துவிட்டு உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு தேங்காயும் கொஞ்சம் வாவி மீனும் வாங்கி வந்தா. அன்றைக்கு அந்தக் கொட்டிலில் எல்லோரும் வயிறாறச் சாப்பிட்டார்கள்.

இதைத்தான் ஒரு கூட்டத்தில் படம் எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். நிவாரண மா சந்தையில் விற்கப்படுகிறதாம், பயனாளிகள் துஷ்பிரயோகம் செய்கிறார்களாம், பங்கீட்டைக் குறைக்க வேண்டுமாம். நான் எழும்பி அந்த அம்மாவின் கணக்கைச் சொன்னேன். பங்கீட்டின் மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 1,900 கலோரி. அவசர காலத்தில் ஆளுக்குச் சராசரி 2,100 கலோரி வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட அளவுகோல். குறைகிற 200 கலோரியையும், உப்பையும் புளியையும் விறகையும் அவர்கள் எங்காவது தேடிக்கொள்வார்கள் என்று நாங்களே தீர்மானித்து விட்டிருந்தோம். கையில் காசு இல்லாதவர் எதை விற்றுத் தேடுவார்? விற்பனையைப் பார்த்தால் சனங்களைக் கேள்வி கேட்காதீர்கள், எங்கள் பங்கீட்டில் என்ன குறைகிறது என்று பாருங்கள் என்றேன். அந்த மாவட்டத்தில் சில நிறுவனங்கள் உலருணவோடு தேங்காய், மிளகாய்த்தூள், சமையல் பாத்திரம் கொடுக்கத் தொடங்கின. பிறகு நான் எந்த நாட்டில் வேலைக்குப் போனாலும் முதல் கிழமை பெண்களோடு அடுப்படியில் இருந்து அவர்கள் சமைப்பதைப் பார்ப்பேன். திட்ட அறிக்கையை அதற்குப் பிறகுதான் திறப்பேன்.

சாமானா காசா என்ற வாதம் இந்தத் தொழிலில் முடிவதே இல்லை. கடையில் அரிசி இருக்கிறதா என்று பார்த்தால் பாதி வாதம் தீர்ந்துவிடும். 2006 கடைசியில் வாகரைக்குள் கட்டுக்கட்டாக நோட்டு இருந்தாலும் பிரயோசனமில்லை. பாதை மூடிய இடத்தில் காசைத் தின்ன முடியாது, அங்கே மூடைதான் போக வேண்டும். மூடை போவதற்குப் பாதையைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் 2007இல் மட்டக்களப்பு நகரத்துக் கடைகளில் எல்லாம் இருந்தன. வாங்கும் சக்தி மட்டும் இடம்பெயர்ந்தவர்களிடம் இல்லை. அங்கே காசு கொடுத்திருந்தால் தேங்காய்க்காரரும் மீன்காரரும் சேர்ந்து பிழைத்திருப்பார்கள். பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட பஞ்சங்களைப் பற்றிய நூலில் இதைத்தான் விரித்துச் சொன்னார். 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தபோது உணவு இல்லாமலே போய்விடவில்லை, விலை ஏறிய அரிசியை வாங்கும் வழி கூலிக்காரர்களிடம் இல்லாமல் போய்விட்டது. சென் அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாகச் சாந்திநிகேதனில் நேரில் பார்த்தவர்.

அதே வங்கக் கரையில்தான் பின்னர் எனக்கு வேலை கிடைத்தது. 2017 ஓகஸ்ட் 25ஆம் திகதிக்குப் பிறகு மியன்மாரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்யா மக்கள் சில மாதங்களுக்குள் எல்லை கடந்து பங்களாதேஷின் கொக்ஸ் பஜார் மாவட்டத்துக்குள் வந்தார்கள். குட்டுபலோங் முகாமை முதன்முதல் பார்த்தபோது கண்ணுக்கெட்டிய தூரம் வரை மொட்டைக் குன்றுகள், குன்று முழுக்க மூங்கிலும் தறப்பாளும். மரத்தையெல்லாம் அடுப்புக்கு வெட்டிவிட்டார்கள். மரம் முடிந்ததும் வேரைக் கிண்டினார்கள். விறகுக்குக் காட்டுக்குள் போன பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடந்த கொடுமைகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். யானைகள் போய்வரும் தடத்தில் முகாம் அமைந்துவிட்டதால் யானை மிதித்தும் ஆட்கள் இறந்தார்கள். பிறகு குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயுச் சிலிண்டர் கொடுக்கத் தொடங்கியது, நான் பார்த்த நல்ல முடிவுகளில் ஒன்று. குன்றுகளில் மறுபடியும் பச்சை பிடித்தது. அரிசி கொடுக்கிறவர் அடுப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அங்கே மூடைப் பங்கீடு மெதுவாக மின்னட்டைக்கு மாறியது. ஆளுக்கு மாதம் இவ்வளவு தொகை என்று அட்டையில் ஏற்றிவிடுவார்கள். முகாமுக்குள் இருக்கும் கடையில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். முதன்முதலாக அட்டையோடு கடைக்குள் வந்த பெண்கள் செத்தல் மிளகாய் இருக்கும் இடத்துக்கும் கருவாடு இருக்கும் இடத்துக்கும் நேராகப் போனார்கள். ஒரு வயதான தாய் முட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்து, நல்லதைத் தெரிந்தெடுத்தா. தனக்கு வேண்டியதைத் தானே தெரிவு செய்வது சாப்பாட்டின் ஒரு பகுதி என்று நான் வாதாடத் தேவையில்லாமல் போயிற்று.

ஆனால் அட்டையில் ஏறும் தொகையை வேறு எங்கோ இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். 2023இல் கொடையாளி நாடுகளின் பணம் குறைந்தபோது ஆளுக்கு மாதம் 12 டொலராக இருந்ததை மார்ச்சில் 10 ஆக்கினார்கள், ஜூனில் 8 ஆக்கினார்கள். நாளுக்கு 27 சதம். முகாமுக்கு வெளியே சட்டப்படி வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லை. வயல் இல்லை, வள்ளம் இல்லை, போய் உழைக்க வழியில்லை. அந்த 27 சதத்துக்குள் மூன்று வேளைச் சாப்பாடு.

குறைத்ததை ஒவ்வொரு வட்டாரத்திலும் போய் அறிவிக்க வேண்டியிருந்தது. யாரும் கத்தவில்லை. ஒருவர் மட்டும் எழும்பி, இது எத்தனை மாதத்துக்கு என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து கடையில் முட்டைத் தட்டுகள் தேங்கத் தொடங்கின. பிறகு கருவாடு. அரிசியும் எண்ணெயும் மட்டும் போனது.

அதன் பலனை ஊட்டச்சத்து நிலையத்தில் பார்த்தோம். அங்கே ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கையை அளப்பார்கள். இடது மேற்கையின் நடுப்பகுதியைக் கண்டுபிடித்து, நிறம் போட்ட ஒரு நாடாவை இறுக்காமலும் தளர்த்தாமலும் சுற்ற வேண்டும். சிறு துவாரத்துக்குள் நிறம் தெரியும். 12.5 சென்ரிமீற்றருக்கு மேல் பச்சை. 11.5க்குக் கீழே சிவப்பு, கடுமையான மந்தபோஷணை, உடனே சிகிச்சை. இடைப்பட்டது மஞ்சள். தாய்மாருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். நாடா சுற்றும் பெண் சொல்வதற்கு முன்பே அவர்கள் குனிந்து துவாரத்தைப் பார்த்துவிடுவார்கள். பச்சையில் இருந்த ஒரு பிள்ளை இரண்டு மாதம் கழித்து மஞ்சளில் வந்தபோது, அந்தத் தாய் நாடாவைக் கழற்றி மறுபடியும் சுற்றச் சொன்னா. மறுபடியும் சுற்றினோம். மஞ்சள்தான்.

அந்த ஆண்டுக் கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்யாக்கள் படகில் இந்தோனேசியாவின் ஆச்சே கரையில் போய் இறங்கினார்கள். 2023இல் மட்டும் வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் 569 ரொஹிங்யாக்கள் இறந்தோ காணாமலோ போனதாக அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பங்கீட்டைக் குறைத்தது மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். முகாமில் துப்பாக்கிக் குழுக்களின் பயம் இருந்தது, ஊர் திரும்பும் நம்பிக்கை அற்றுப் போயிருந்தது, தரகர்கள் வலை விரித்திருந்தார்கள். ஆனால் சொன்ன எடை குறைந்துபோன வீட்டில் தரகரின் பேச்சு எடுபடும். அதை நான் குடும்பம் குடும்பமாகக் கேட்டிருக்கிறேன். 2024இல் தொகையைப் படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கடலுக்குப் போனவர்களுக்கு அது உதவவில்லை.

இப்போது இந்தத் தொழிலுக்குள் பெரிய முறிவு ஒன்று நடந்திருக்கிறது. உலகிலேயே அதிகமாகக் கொடுத்த நாடான அமெரிக்காவின் யூ.எஸ்.எயிட் நிறுவனம் 2025 ஜூலை 1ஆம் திகதியோடு மூடப்பட்டது. வேறு பல பணக்கார நாடுகளும் கையைச் சுருக்கிவிட்டன. என்னோடு வேலை செய்த பலர் வேலை இழந்து வீட்டில் இருக்கிறார்கள். அது அவர்களுடைய கஷ்டம். அவர்கள் எழுதிய பட்டியல்களில் இருந்தவர்களின் கஷ்டம் அதைவிடப் பெரிது. கொடுத்தவர்கள் இதைத் தர்மமாக நினைத்துக் கொடுத்தார்கள், அதனால் நினைத்தவுடன் நிறுத்தவும் முடிந்தது. ஒரு பிள்ளையின் பங்கீட்டை இடைநடுவில் அறுப்பது, முதலிலிருந்தே கொடுக்காமல் விடுவதைவிடக் கொடியது. அதை நம்பித்தான் அந்தத் தாய் இருந்த நகையை விற்காமல் வைத்திருந்தாள், அல்லது விற்றுக் கடனை அடைத்திருந்தாள்.

ஆகவே இனி வரும் காலத்தில் முதல் சோறு மட்டுமல்ல, பதினைந்தாம் நாள் சோறும் பக்கத்து ஊர்க்காரரிடமிருந்துதான் வர வேண்டியிருக்கும். எங்கள் கரையில் மாரி பிறந்தால் வெள்ளம் வரும். 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கில் பத்து இலட்சம் பேரளவில் பாதிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அடுத்த தடவை வெள்ளம் வந்ததும் இங்கேயும் வெளிநாடுகளிலும் இருக்கும் உங்களிடம் ஆட்கள் உதவி கேட்டு வருவார்கள். கொடுங்கள். பழைய உடுப்பு வேண்டாம், காசாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் வந்தவரிடம் கேளுங்கள்: பட்டியலை யார் எழுதினார்கள், அதில் உறவினர் வீட்டில் இருப்பவர்கள் உண்டா, பொதிக்குள் என்ன போடுகிறீர்கள் என்று அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டீர்களா, இரண்டாவது பங்கீடு எந்தத் திகதியில்? இவற்றுக்குப் பதில் வைத்திருக்கும் சங்கம் சின்னதாக இருந்தாலும், அதன் பெயரை நீங்கள் முன்பு கேள்விப்படாவிட்டாலும், அதனிடம் நம்பிக் கொடுங்கள். முடிந்தால் ஒரே தரத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல் பாதியை மூன்றாம் மாதத்துக்கு வைத்திருங்கள். படம் எடுப்பவர்கள் போய்விட்டிருப்பார்கள். சனங்களின் தேவை அப்போதும் அப்படியே இருக்கும்.